நான் போகாத சண்டை

குற்றாலம் பேரருவியில் ஆண்கள் குளிக்கும் பக்கம் அன்று நல்ல கூட்டம். சாரல் தொடங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. தண்ணீரில் இன்னும் செம்மண் நிறம் தெளியவில்லை. ஐயாவும் நானும் உடம்பெல்லாம் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு, இடுப்பில் துண்டோடு, வழுக்குகிற பாறையில் காலை ஊன்றி முறைக்காகக் காத்து நின்றோம்.

என் அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்ணெய் வழிய நின்றாலும் ஸ்டேஷன் வாசலில் நிற்பது போலத்தான் நிற்பார்.

எங்களுக்கு முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார். சிவகிரியில் மரக்கடை வைத்திருப்பவர். ஐயா அந்த ஊர் ஸ்டேஷனில் இருந்த காலத்துப் பழக்கம்.

"என்னய்யா, சௌக்கியமா? இது ஆரு?"

"மகன். பட்டாளத்துல கேப்டனா இருக்கான்லா, அவன்தான்."

மரக்கடைக்காரர் முகம் மாறியது. எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்துவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "சைனாக்காரன் சண்டையில இருந்தியளே, அந்தத் தம்பியா? ராயகிரிப் பையனைத் தேடிக்கிட்டு இருக்கியன்னு ஐயா சொன்னாவ. ஏதும் துப்பு கெடச்சுதா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்தப் பையன்? எங்கே தேடினேன்? ஐயாவைப் பார்த்தேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூட்டம் ஏறுது. வா" என்று என் தோளைப் பிடித்து அருவிக்குள் தள்ளினார்.

அருவிக்கு அடியில் யாரும் யாரிடமும் பேச முடியாது. தலையில் விழுகிற தண்ணீர் காதை அடைத்துவிடும். பக்கத்தில் ஐயா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். வழக்கமாகச் சீக்கிரம் வெளியே வந்துவிடுகிறவர் அன்று வரவே இல்லை. பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டும் நகரவில்லை. நான் பேச ஆரம்பித்துவிடக் கூடாது என்றுதான் நிற்கிறார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

ஏனென்றால், சைனாக்காரனோடு நடந்த சண்டைக்கு நான் போகவே இல்லை.

தோப்புக்குள் ஒரு கேப்டன்

நான் பத்திரிகையில் எழுதும் இந்தத் தொடரை வாராவாரம் படிக்கும் தென்காசி வாசகர் ஒருவர், 'உங்கள் போர் அனுபவத்தை எப்போது எழுதப் போகிறீர்கள்?' என்று கேட்டிருக்கிறார். அவருக்கான பதில் இந்த வாரம்.

நான் பீரங்கிப் படையில் சேர்ந்தவன். பீரங்கிக்காரனுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். இங்கிருந்து புறப்படுகிற குண்டு எந்தப் பாதையில் போய் எங்கே விழும் என்பது. காற்று, வெயில், வெடிமருந்தின் ஈரம் எல்லாவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்தக் கணக்கு எனக்கு நன்றாக வந்தது. அதுவே என் தலையெழுத்தை மாற்றியது.

திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில், கடலை ஒட்டிய ஒரு தென்னந்தோப்பில், ராக்கெட் ஏவுவதற்கு ஓர் இடம் தேர்ந்தெடுத்திருந்தார்கள். விஞ்ஞானிகளுக்கு வானம் தெரியும். வெடிமருந்தை எப்படிப் பத்திரமாக வைப்பது, ஏவுகிற நேரத்தில் கடலில் எவ்வளவு தூரத்துக்குப் படகு இல்லாமல் பார்த்துக்கொள்வது, மேலே போனது கீழே விழும்போது யார் தலையிலும் விழாமல் இருக்க என்ன செய்வது என்பதற்கெல்லாம் பட்டாளத்து ஆள் ஒருவர் வேண்டியிருந்தது. என்னைக் கேட்டார்கள். "கொஞ்ச காலத்துக்குத்தான்" என்றார் என் மேலதிகாரி. அந்தக் கொஞ்ச காலம் என் வாழ்க்கை முழுவதும் நீண்டது.

போகிற வழியில் தென்காசியில் இறங்கி வீட்டில் சொன்னேன். ஐயா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"யூனிஃபாரம் உண்டுல்லா?"

"அங்கன தேவைப்படாது ஐயா. சட்டை பேன்ட்தான்."

"துப்பாக்கி?"

"கிடையாது."

"பொறவு என்ன செய்வ?"

"ராக்கெட் விடுவோம். வானத்துக்கு."

அவர் ஒரு கவளத்தைப் பிசைந்துகொண்டே யோசித்தார். "கோயில் கொடைக்கு வாணம் விடுதானே, அது மாதிரியா?"

அடுப்படியில் அம்மா சிரித்துவிட்டாள். ஐயா சிரிக்கவில்லை. வேடிக்கைக்காகக் கேட்டவரும் இல்லை. கை கழுவி வந்த பிறகு தணிந்த குரலில் ஒன்று கேட்டார். "இத வெளிய சொல்லணுமா?"

அந்தக் கேள்வியின் கனம் அப்போது எனக்குத் தெரியவில்லை. "ஒங்க இஷ்டம் ஐயா" என்று சொல்லிவிட்டுக் கொல்லம் வண்டி ஏறினேன்.

ஐயாவுக்கு என் உடுப்பின் மேல் இருந்த ஆசையை வெளியூர்க்காரர்கள் புரிந்துகொள்வது கஷ்டம். முதல் விடுமுறைக்கு நான் வந்தபோது, என்னை உடுப்போடு காசிவிசுவநாதர் கோயிலுக்குக் கூட்டிப் போனார். அந்தக் காலத்தில் கோபுரம் உச்சி இல்லாமல் பிளந்து நின்றது. அதற்கு அடியில் என்னை நிறுத்திவைத்து, போவோர் வருவோரிடமெல்லாம் நின்று பேசினார். எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் வீட்டுக்குத் திரும்ப மனமில்லாமல் ரத வீதியை ஒரு சுற்றுச் சுற்றி என்னை அழைத்து வந்தார்.

ஆள் எடுக்கும் முகாம் நடந்தால் சுற்று வட்டாரத்துப் பையன்களைத் தாமே திருநெல்வேலிக்கு அழைத்துப் போவார். "எம்மவனே போயிருக்கான். ஒம்மவன் போனா என்ன?" என்று தகப்பன்மார்களிடம் கேட்பார். அந்த ஒரு கேள்வியில் மகனை அனுப்பிவிடுவார்கள்.

ரேடியோ

சண்டை வந்தபோது நான் தோப்பில் மணல் மட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெடிமருந்துக் கிடங்குக்கு இடம் குறித்து, எந்தெந்தத் தென்னையை வெட்ட வேண்டும் என்று சுண்ணாம்பு அடையாளம் போட்டுக்கொண்டிருந்தோம். சாயங்காலம் பாதையோரத்து டீக்கடையில் ரேடியோ கேட்போம். மலைப்பெயர்களும் கணவாய்ப் பெயர்களும் சொல்வார்கள். நேற்றுச் சொன்ன ஊர் இன்று நம்மிடம் இருக்காது. என் ரெஜிமென்ட் மேலே, எல்லைக்குப் போய்விட்டது என்று தெரிந்தது.

என்னைத் திருப்பி அனுப்பும்படி விண்ணப்பித்தேன். மறுத்தார்கள். மறுபடி எழுதினேன். நேரில் போயும் கேட்டேன். "அங்கே பீரங்கியை இயக்க ஆள் உண்டு. இங்கே உன்னை விட்டால் ஆள் இல்லை. இதுவும் உத்தரவுதான்" என்றார்கள். உத்தரவுக்கு மேல் பேச எங்களுக்குப் பழக்கம் இல்லை.

பயிற்சிக் காலத்தில் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பன் ஒருவன் உண்டு. கேட்காமல் என் ரேஸரை எடுத்துச் சவரம் செய்துகொள்வான். மேலே பனியில், தன் பீரங்கிக்குப் பக்கத்திலேயே அவன் செத்துப்போன செய்தியை நான் அந்த டீக்கடையில், பேப்பரில்தான் படித்தேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சார் பட்டாளமல்லே?" என்று மலையாளத்தில் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் சட்டையும் செருப்புமாக நின்ற என்னை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தார். அதற்குப் பிறகு ரேடியோ நேரத்தில் நான் அந்தக் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

இதையெல்லாம் நான் ஐயாவுக்கு எழுதவில்லை. அவரும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே வெட்கம் இருந்திருக்கிறது. அவர் தென்காசியிலும் நான் கடற்கரையிலுமாக அதைத் தனித்தனியே வைத்துக்கொண்டிருந்தோம்.

கைதட்டல்

இந்த இடத்தில் கொஞ்சம் முன்னால் ஓடிப்போய்த் திரும்புகிறேன்.

சண்டை முடிந்த மறு வருஷம் மழைக்காலத்தில் எங்கள் முதல் ராக்கெட் போனது. பொழுது சாய்கிற நேரம். மேலே போய் அது கக்கிய ஆவி ஆரஞ்சு நிறத்தில் வானத்தில் படர்ந்து நின்றது. மலைக்கு இந்தப் பக்கம், செங்கோட்டையிலும் தென்காசியிலும்கூட மேற்கே அதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். பிறகு நான் அந்த ஏவுதளத்துக்கே பொறுப்பாளனானேன். பிறகு அதைவிடப் பெரிய தளம், பெரிய ராக்கெட், பெரிய நாற்காலி. அவற்றைப் பற்றி இந்தத் தொடரில் ஏற்கனவே நிறைய அளந்துவிட்டேன்.

எனக்குத் தென்காசியில் ஒரு பாராட்டு விழா நடத்தினார்கள். வரவேற்றுப் பேசியவர், 'சீனப் படையை எதிர்த்துப் பனிமலையில் களம் கண்டு, பின்னர் விண்ணையும் வென்ற நம் ஊர் மைந்தர்' என்று ஆரம்பித்தார். என் முறை வந்ததும் எழுந்து, நான் அந்தச் சண்டைக்குப் போகவில்லை, அப்போது கேரளாவில் தென்னந்தோப்பில் இருந்தேன் என்று தெளிவாகச் சொன்னேன்.

 கூட்டம் பலமாகக் கைதட்டியது. அடக்கத்தால் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். மேடையிலிருந்து இறங்கும்போது ஒரு பெரியவர், "பெரிய மனுஷன்னா இப்படித்தான் இருக்கணும்" என்று என் முதுகைத் தடவிக்கொடுத்தார். அன்று எனக்கு வந்த வெட்கம் எந்தத் தோல்வியிலும் வந்ததில்லை. தோற்றுப்போய்க் கடலில் விழுந்த ராக்கெட்டுகள் பல உண்டு. அவற்றுக்குக் காரணம் சொல்ல முடிந்தது.

ஐயா ஊரில் விதைத்தது அப்படி வேரோடியிருந்தது. அவர் அதைப் பிடுங்க முயன்றதை நான் அறிவேன். அதைத்தான் இப்போது சொல்ல வந்தேன்.

டீக்கடை பெஞ்சு

குற்றாலத்தில் அன்று அருவியை விட்டு வந்ததும் உடை மாற்றிக்கொண்டு, மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்திருந்த கடைகளைத் தாண்டி ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். சாரல் தூறிக்கொண்டிருந்தது. ஐயா இரண்டு டீ வாங்கி வந்தார். 

"ராயகிரிப் பையன் ஆரு ஐயா?"

"குருசாமி மகன். கருத்தப்பாண்டி."

குருசாமி என்பவர் சிவகிரிக்குப் பக்கத்தில் ராயகிரியில் கொஞ்சம் பருத்திக்காடு வைத்திருந்தவர். அவருடைய ஒரே மகனைப் பட்டாளத்தில் சேர்த்துவிட்டதே ஐயாதான். காலாட்படை. கல்யாணமாகி ஒரு தடவை விடுமுறைக்கு வந்துபோனவன். சண்டை தொடங்கியதும் குருசாமி பதறிப்போய்த் தென்காசிக்கு வந்திருக்கிறார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "நம்ம தம்பியும் அங்கனதான் இருக்காவளா?"

"நான் என்ன சொல்லுவேன் லே?" என்றார் ஐயா. "அவன் மகனக் கூட்டிட்டுப் போயி சேத்துவிட்டவன் நானு. எம்மவன் தோப்புக்குள்ள நெழல்ல இருக்கான்னு அவங்கிட்டச் சொல்லவா? வாய் வரல. அவனும் அங்கனதான் இருக்கான்னுட்டேன்."

"பொறவு?"

"பையனக் காணலன்னு தந்தி வந்துது. அதத் தூக்கிட்டு நம்ம வீட்டுக்குத்தான் வந்தான். அந்தப் பிள்ளையும் வந்துது, பையன் பொண்டாட்டி. அழுதுகிட்டே நின்னுது. எம்மவன் தேடிக்கிட்டு இருக்கான், ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லிட்டேன்."

"சொல்லி எவ்வளவு நாளாச்சு?"

அவர் டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கத்த முடியவில்லை. அவர் சொன்ன பொய்யில் இருந்த கேப்டனாக இருக்கத்தான் நானும் ஆசைப்பட்டேன், விண்ணப்பத்துக்கு மேல் விண்ணப்பம் எழுதினேன். அந்த ஆளை ஐயா ஊருக்குக் காட்டியிருக்கிறார். அதற்காக அவரை எப்படி வைவது?

"ராயகிரிக்குப் போய் உள்ளதச் சொல்லிருங்க ஐயா."

"சொல்லுதேன்."

"நாளைக்கே."

"சொல்லுதேன் லே" என்றார். குரல் தாழ்ந்து போயிருந்தது. அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

காலை பஸ்

அவர் போவதற்கு முன்னால் அவர்கள் வந்துவிட்டார்கள்.

மரக்கடைக்காரர் ஊர் திரும்பி, கேப்டன் வந்திருக்கிறார் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். மறுநாள் காலை நாங்கள் இட்லி சாப்பிட்டு எழுந்தபோது வாசலில் குருசாமியும் மருமகள் சண்முகத்தாயும் நின்றார்கள். வாசுதேவநல்லூர் வழியாக வருகிற முதல் பஸ்ஸில் ஏறியிருக்கிறார்கள்.

குருசாமி மெலிந்த மனிதர். என்னைப் பார்த்ததும் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஐயா வயதுக்காரர் என் முன்னால் அப்படி நின்றது எனக்குக் கூசியது. உள்ளே கூப்பிட்டுப் பாயில் உட்காரவைத்தோம். அம்மா மோர் கொண்டுவந்தாள். ஐயா உட்காரவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றார்.

சண்முகத்தாய்க்கு இருபது வயதுக்குள்தான் இருக்கும். நெற்றியில் புதிதாகக் குங்குமம் வைத்து, தலையில் கனகாம்பரம் சூடியிருந்தாள். மடியில் ஒரு துணிப்பையை வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பச்சரிசியும் வெல்லமும் என்று அம்மாவிடம் சொன்னாள். ஆய்க்குடி முருகனுக்குப் பாயசம் நேர்ந்திருந்தாளாம். நல்ல தகவலாக இருந்தால் திரும்புகிற வழியில் செலுத்திவிட்டுப் போகலாம் என்று கையோடு கொண்டுவந்திருந்தாள்.

"அண்ணாச்சி, முழு விவரம் கெடைக்கலன்னாலும் பரவால்ல" என்றாள். "கடேசியா எங்கன இருந்தாவ, ஆரு பாத்தாவ, அது மட்டும் தெரிஞ்சாப் போதும்."

ஐயாவின் முதுகைப் பார்த்தேன். அவர் திரும்பவில்லை.

"நான் அங்கன போகவே இல்லைம்மா" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. குருசாமி லேசாகச் சிரித்தார். நான் ஏதோ விளையாட்டாகச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்.

"சண்டைக்குப் போகலையா?"

"போகலை."

"தேடுதியன்னு சொன்னாவளே."

"தேடவும் இல்லைம்மா. அவர் காணாமப் போனதே நேத்துத்தான் எனக்குத் தெரியும்."

குருசாமி மெதுவாக வாசல் பக்கம் திரும்பினார். "ஐயா?" என்றார். அவ்வளவுதான். ஒரே ஒரு சொல்.

ஐயா திரும்பி நின்றார். "நான்தான் குருசாமி. எம்மவன் சண்டையில இல்லன்னு ஒங்கிட்டச் சொல்ல எனக்கு வெக்கமா இருந்துது. ஒம்மவன அனுப்பி வச்சவன் நான். எம் மூஞ்சிய நீ பாத்த பார்வைக்கு வாய்ல வந்ததச் சொல்லிட்டேன். பொறவு அத மாத்த முடியல."

 

சண்முகத்தாய்தான் மறுபடி கேட்டாள். "அப்ப நீங்க எங்கன இருந்திய அண்ணாச்சி?"

"கேரளாவுல. கடக்கரையில."

"அங்கனயும் சண்டையா?"

"இல்லைம்மா. ராக்கெட் விடுததுக்கு எடம் கட்டிக்கிட்டு இருந்தோம்."

"அது எதுக்கு?"

பிற்காலத்தில் மந்திரிகளுக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கும் இந்தக் கேள்விக்கு நான் மணிக்கணக்கில் பதில் சொல்லியிருக்கிறேன். அன்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வானத்தில் ரொம்ப உயரத்துக்குப் போய் அது ஆவியைக் கக்கும், அந்த ஆவி நகர்வதைப் படம் பிடித்தால் அங்கே காற்று எப்படி ஓடுகிறது என்று தெரியும்.

"காத்து எங்கிட்டு அடிக்குன்னு பாக்கவா?"

"ஆமாம்மா."

அவள் கேலி செய்யவில்லை. குற்றமாகவும் சொல்லவில்லை. தன் புருஷன் இருந்த இடத்தில் நான் ஏன் இல்லை என்று தெரிந்துகொள்ளக் கேட்டாள். சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். நான் தரையைப் பார்த்தேன்.

"பிடிச்சிட்டுப் போனவுகள எல்லாம் சைனாக்காரன் விட்டுட்டான்னு பேப்பர்ல போட்டிருக்குன்னு எங்கூரு வாத்தியார் சொன்னாரு" என்றாள். "எல்லாரையுமா விட்டுட்டான்?"

"எல்லாரையும் விட்டாச்சுன்னுதான் சொல்லுதாவ."

"அதுல இவுக பேரு இருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்கும்."

அவள் அடுத்ததைக் கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். பட்டாளத்து அதிகாரி என்று நான் செய்ய வேண்டிய வேலை அந்த வீட்டில் அதற்குப் பதில் சொல்வது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது.

"அவரு வர மாட்டாருன்னுதாம்மா நான் நெனைக்கேன்."

குருசாமி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. சண்முகத்தாய் அழவில்லை. மடியில் இருந்த பையை எடுத்துப் பாயில் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் முதுகில் கை வைத்தாள்.

"தந்தி வந்த அன்னைக்கே அழுது முடிச்சிருப்பேன்" என்றாள். ஐயாவைப் பார்த்துத்தான் சொன்னாள். "நீங்க சொன்னதக் கேட்டு அழாம இருந்துட்டேன். எங்க அம்மா அழுததுக்குக்கூட வைதேன்."

ஐயா நின்ற இடத்திலேயே நின்றார். நான்கு பேர் நடுவில் அவரைத் துணியை அவிழ்த்து நிறுத்தியது போல இருந்தது எனக்கு. அவிழ்த்தவன் நான். உண்மையைச் சொன்னதற்காக நான் வருத்தப்படவில்லை. ஆனால் அவரை அப்படிப் பார்க்கிற கண் எனக்கு இருந்திருக்க வேண்டாம்.

அவர்கள் எழுந்தார்கள். மோர் அப்படியே இருந்தது. ஐயா உள்ளே போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னால் இறங்கினார்.

"நீங்க எங்க ஐயா?" என்று அம்மா பயத்தோடு கேட்டாள். அவளும் அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவாள்.

"ராயகிரிக்கு. அங்கன ஊரே அத நம்பிக்கிட்டு இருக்கு. ஊரு கேக்கத்தான் இல்லன்னு சொல்லணும்."

குருசாமி வாருங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முன்னால் அவர்கள் இருவரும், கொஞ்ச தூரம் விட்டு ஐயாவுமாகத் தெருமுனையில் திரும்பினார்கள். சாரலில் நனைந்துகொண்டே போனார். குடையை விரிக்கவில்லை.

தென்காசி ஸ்டேஷன்

அன்று ஐயா வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அங்கே அவருக்கு என்ன நடந்ததோ என்று அம்மா சாப்பிடாமல் கிடந்தாள். நானே போய்ப் பார்த்து வருகிறேன் என்று கிளம்பினேன். "வேண்டாம். நீ போய் நின்னா அவுகளுக்கு இன்னும் வயிறு எரியும்" என்று தடுத்துவிட்டாள்.

என் விடுமுறை முடிந்தது. சாயங்காலக் கொல்லம் வண்டிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தபோது பிளாட்பாரத்தில் ஐயா வருவது தெரிந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருக்கிறார். அதே சட்டை. முகத்தில் நரைத்த தாடி முளைத்திருந்தது. ஒரு நாளும் சவரம் செய்யாமல் வெளியே வராதவர்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சொல்லிட்டியளா ஐயா?"

"சொன்னேன். சாவடியில எல்லாரும் இருக்கும்போது சொன்னேன்."

"என்ன சொன்னாவ?"

"வைதாவ. ஒருத்தன் அடிக்கவே கையை ஓங்குனான். குருசாமி பொண்டாட்டி மண்ண வாரி மேல எறிஞ்சா." அவர் சட்டையின் தோளைத் தட்டிவிட்டுக்கொண்டார். "அது நல்லா இருந்துது. இன்னும் நாலு கை வாரி எறிய மாட்டாளான்னு இருந்துது."

என்ஜினுக்குத் தண்ணீர் பிடித்து முடித்துவிட்டார்கள். கார்டு கொடியோடு இறங்கி நின்றார்.

"ராத்திரி சாவடியிலயே படுத்துக்கிட்டேன். மறுநா காரியம் செஞ்சாவ. ஒடம்பு இல்லாம, அவன் சட்டைய வச்சு. நானும் ஒரு ஓரமா நின்னேன். ஆரும் போன்னும் சொல்லல."

  அடுத்ததைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

"எல்லாம் முடிஞ்சு கெளம்பலாம்னு எந்திரிச்சேன். அந்தப் பிள்ள வந்து, சாப்பிட வாங்கன்னுது. தலையில பூ இல்ல, நெத்தியில ஒண்ணும் இல்ல. வேண்டாம் தாயின்னேன். ரெண்டு நாளா ஒண்ணும் சாப்பிடலையே, வாங்கன்னுது. எல போட்டு அதுவே சோறு வச்சுது லே. நான் குனிஞ்சே இருந்தேன். மறு சோறு வேணுமான்னும் கேட்டுது."

வண்டி ஊதியது.

"தின்னுட்டு எலைய எடுக்கப் போனேன். நீங்க எந்திரிங்க, நான் எடுத்துக்கிடுதேன்னு அந்தப் பிள்ளையே எடுத்துட்டுப் போச்சு."

நான் கம்பி வழியாகக் கையை நீட்டி அவர் கையைத் தொட்டேன். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"போ. போயி ஒன் வேலையப் பாரு" என்றார்.

வண்டி நகர்ந்தது. எப்போதும் என்னை வழியனுப்பும்போது விறைப்பாக நின்று நெற்றிக்குக் கையைக் கொண்டுபோகிறவர் அன்று அதைச் செய்யவில்லை. சாப்பிட்ட கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே நின்றார். கை காய்ந்து எத்தனையோ நேரமாகியிருக்கும். கண்ணுக்குத் தெரிகிற வரை பார்த்துக்கொண்டே போனேன். அவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.